பாவாத்தாள் பேருக்கு விழுந்த பெட்டி

வாங்கம்மிணி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரு எடுத்துட்டுப் போறா. அந்த நாற்காலியில இருக்கற பேப்பரைக் கீழ தள்ளி விட்டுட்டு உக்காருங்க, பார்சல் கட்டறதுக்கு வெச்சது. நீங்க ஸ்டூடியோ தங்கமுத்து சம்சாரந்தானுங்களே? அவரு போனது கேள்விப்பட்டேன். வரோணும்னுதான் நெனச்சேன், வரல. இப்பெல்லாம் எழவு ஊட்டுக்கே போறதில்லீங்க. போனா என்ன பேசறதுன்னு தெரிய மாட்டேங்குது.

கேமராங்களா? எடுங்க பாப்போம். அடேயப்பா, தோல் உறையோட வெச்சிருக்கறீங்க. இதைக் கேக்கறதுக்கு ஆளு இருக்கறாங்க, கவலையே படாதீங்க. போன்ல ஏலத்துல போட்டா மெட்ராசுக்காரன் கேப்பான், பெங்களூர்க்காரன் கேப்பான். பையன் எங்க இருக்கறான், ஐதராபாத்துங்களா? அவனைக் கேட்டீங்களா? கேக்கலையா, நல்லதாப் போச்சு. பையனைக் கேட்டா வேண்டாங்கம்மா, அப்பா பொருளும்பான். வந்து எடுத்துட்டும் போக மாட்டான். பெத்ததுககிட்டக் கேட்டுட்டு ஏலத்துல எறங்கவே கூடாதுங்க. மொதல் பாடம் அதுதான், மனசுல வெச்சுக்கங்க.

அந்த ரெண்டு போனையும் மட்டும் நகத்திராதீங்க. ஆறு மணிக்கு ஒரு ஏலம் முடியுது. பேசிக்கிட்டே பாத்துக்கலாம்.

என்னைப் பத்தி மொபைல் கடையில சொல்லியிருப்பாங்க. ஏலக்கார அர்த்தநாரின்னா இந்தக் கோபிச் சுத்துவட்டாரத்துல தெரியாத ஆளு இல்லீங்க. வாழைத்தார் மண்டியில ஏலம் கூவுனவன். காலையில போயி நின்னேன்னா தாரு அத்தனையும் போற வரைக்கும் தொண்டை நிக்காது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! தெரு முக்குல இருக்கற டீக்கடை வரைக்கும் கேக்கும். அந்தத் தொண்டைதான் இப்பப் பாருங்க, கட்டிப்போயி ஓட்டைப் பானையாட்டம் கெடக்குது. டாக்டரு இனி கத்தப்படாதுன்னுட்டாரு. ஊட்டுல சும்மா உக்காந்திருந்தேன். அப்பறந்தான் மொபைல் கடைக்காரன் இந்த ஏலத்தைக் காட்டுனான். வாயையே தொறக்க வேண்டாம், விரலை வெச்சாப் போதும். எனக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சுங்க.

கேட்டுக்கங்க. போட்டோவைப் பகல் வெளிச்சத்துல எடுக்கோணும். துணி தொவைக்கற கல்லு மேல வெச்சு எடுங்க. வாங்கறவனுக்கு அது ஊட்டுச் சாமானாத் தெரியோணும், கடைச் சாமானாத் தெரியப்படாது. கீறல் இருந்தா அதைத்தான் மொதல்ல காட்டோணும். இவன் ஒளிக்காத ஆளுன்னு ஒரு நம்பிக்கை வந்துரும் பாருங்க. ஆரம்ப வெலையைக் கண்டமேனிக்கு வெக்காதீங்க. பிச்சைக்காசுல ஆரம்பிங்க, கூட்டம் சேரட்டும். கூட்டம் சேந்தா அவனவன் ரோசத்துக்கே வெலை ஏறும். முடியற நேரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலமா இருக்கோணும். கறிச்சோறு தின்னு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு, மனுசன் சும்மா போனை நோண்டிட்டு இருக்கற நேரம் அது. கடைசி வெலை என்னன்னு தனியா ஒருத்தன் வந்து கேப்பான். அவனுக்குப் பதிலே சொல்லாதீங்க. பேரம் பேசறவன் ஏலத்துக்கு ஆகமாட்டான்.

ஓடற சாமானா இருந்தா ஓட்டிக் காட்டி வீடியோ போடோணும். மிக்சின்னா சுத்தோணும், கடியாரம்னா ஓடோணும், ரேடியோப் பெட்டின்னா பாடோணும். உங்க கேமராவுக்கும் பட்டனை அமுக்கற சத்தத்தை எடுத்துப் போட்டாத்தான் நம்புவான். உள்ள பிலிம் கெடந்தா உருவிப் போட்டுட்டு வெறும் கேமராவா ஓட்டுங்க. கெடக்குதுங்களா? பாக்கலாம் பாக்கலாம், அவசரமில்ல.

இருங்க, முக்கியமானதைச் சொல்லவே இல்ல. உள்ளாள்.

மண்டியில எனக்கு ஒரு உள்ளாள் இருந்தான், பொன்னுரங்கம்னு. வியாபாரியாட்டம் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள நிப்பான். வெலை படுத்துக்கிச்சுன்னா நான் காதைச் சொறிவேன், அவன் ஏத்திக் கேப்பான். வாங்க வந்தவன் விடுவானா, அவனும் ஏத்துவான். இதைத் தப்புன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். வெவசாயிக்கு நாலு காசு எச்சாக் கெடைச்சுது. எப்பவாச்சும் கணக்குத் தப்பி பொன்னுரங்கம் பேருக்கே தாரு விழுந்துரும். அதனால என்ன, கடைசியில மறுபடி தூக்கி வெச்சுக் கூவுவோம்.

இந்தப் போன் ஏலத்துக்கும் ஒரு உள்ளாளு வேணுமுங்க. இன்னொரு நம்பர், இன்னொரு பேரு, அவ்வளவுதான். அதுக்குன்னு புதுசா வாங்காதீங்க. உங்க ஊட்டுக்காரரு போனு சும்மாத்தான கெடக்கும்? நானும் அப்படித்தான் பண்ணுனேன். என்ற சம்சாரம் பாவாத்தாள் போனு பீரோவுல கெடந்துச்சு. அவ போயி ஒரு வருசம் ஆகப்போகுது. சார்ஜ் போட்டு ரீசார்ஜும் பண்ணுனேன், உசுரு வந்துருச்சு. பாவாத்தாள்னு அவ பேருலயே கணக்கு ஆரம்பிச்சு, போட்டோவுக்கு ஒரு செம்பருத்திப்பூ வெச்சேன். உசுரோட இருந்தப்ப மண்டிப்பக்கம் எட்டிக்கூடப் பாக்காதவ, செத்த பொறகு எனக்கு உள்ளாளு ஆயிட்டா.

ஏனுங்கம்மிணி, அப்படிப் பாக்கறீங்க? பொழப்புங்க இது.

அவ சாமானைத்தான் மொதல்ல போட்டேன். வேற என்ன இருக்குது ஊட்டுல? பித்தளைத் தூக்குப்போசி, ஊறுகாய் போட்டு வெக்கற பீங்கான் ஜாடி, அருவாமணை, தையல் மிசினு. எடுத்து வெச்சுப் பாத்துட்டு இருக்கறதுக்கு யாரு இருக்கறா? ஒரு மக இருக்கறா, சுகந்தின்னு. இருந்து என்ன பண்ண. காலேஜு படிக்கப் போனவ வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. எந்த ஊருல இருக்கறான்னு நானும் கேக்கல, எனக்கு யாரும் சொல்லவும் இல்ல. அவங்கம்மா செத்தன்னைக்கு யாரு சொல்லி வந்தாளோ, வாசல்ல வந்து நின்னா. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் உக்காந்திருக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? கேட்டைச் சாத்துனேன். பொணத்தை எடுக்கற வரைக்கும் ரோட்டுல அந்த வேப்பமரத்துக்கடியில நின்னுட்டுப் போயிட்டா. அது முடிஞ்ச கதை, அதை விடுங்க.

ஏலத்துக்கு வர்றேன். தூக்குப்போசியைப் போட்டதும் ஓசூர்லருந்து ஒருத்தரு கேட்டாரு. எஸ்.எம்.னு பேரு. நான் ஓசூர்க்காரருன்னுதான் சொல்லுவேன். இந்தத் தொழில்ல இறங்குன மனுசனுக்கு ஓசூர்க்காரரு மாதிரி ஒரு வாடிக்கை அமைஞ்சுட்டாப் போதுமுங்க, வேற ஒண்ணும் வேண்டாம். பேரமில்ல, கேள்வியில்ல. ஏலம் முடிஞ்ச ஒடனே பணம் வந்துரும். பார்சலு ஏதோ பள்ளிக்கூடத்து ஆபீசுக்குப் போகும். வாத்தியாரு போலிருக்குது, பழைய சாமான் சேக்கற கிறுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். ஜாடியைப் போட்டேன், அவருதான். அருவாமணை போட்டேன், அவருதான். தையல் மிசினுக்கு எங்கெங்கயோ இருந்து ஆளு வந்தாங்க, கடைசியில ஓசூர்க்காரரே தூக்கிட்டுப் போனாரு.

ஒரு வேடிக்கை பாருங்க. நடுவுல என்ற கைக்கடியாரத்தைப் போட்டேன். மண்டியில எனக்கு மேடையேத்திக் குடுத்தது. நல்லா ஓடும். திரும்பிக்கூடப் பாக்கலீங்க மனுசன். என்ற தராசு, என்ற கருங்காலிக் கம்பு, எதுக்கும் வரல. இந்தாளுக்குப் பொம்பளை சாமான்தான் புடிக்கும் போலிருக்குதுன்னு நெனச்சேன்.

இப்படி ஒரு ஆளு சிக்கிட்டா என்ன பண்ணோணும்? ஏத்தோணும். பாவாத்தாளை எறக்குனேன். இந்தக் கையில ஒரு போனு, அந்தக் கையில ஒரு போனு. அவரு கேப்பாரு, பாவாத்தாள் ஏத்துவா. அவரு கொஞ்ச நேரம் யோசிப்பாரு. பொறகு மறுபடி கேப்பாரு. மறுபடி மண்டியில நிக்கறாப்பல இருந்துச்சுங்க எனக்கு. ஒடம்புல ரத்தம் ஓடறது தெரிஞ்சுது.

அப்பத்தான் அந்தப் பெட்டியைப் போட்டேன். அந்தா, டிவிக்குப் பக்கத்துல இருக்குது பாருங்க, அதுதான். ரேடியோவும் டேப்பும் சேந்தது. சுகந்தி சின்னப்புள்ளையா இருந்தப்ப வாங்குனது. உள்ள ஒரு கேசட்டு கெடந்துச்சு. ஓட்டிக் காட்டோணுமில்லீங்களா, அந்தக் கேசட்டையே ஓட்டி வீடியோ எடுத்தேன். என்ன பேசுதுன்னு கேக்கறீங்களா? சுகந்தி ரேடியோக்காரியாட்டம் பேசறா. நேயர்களே, இன்னைக்கு நம்ம சமையல் நிகழ்ச்சிக்கு ஒருத்தங்க வந்திருக்காங்கன்னு இழுக்கறா. பாவாத்தாள் சிரிக்கறா. போடி அக்கட்டால, எனக்கு வேலை கெடக்குதுங்கறா. அரிசியும் பருப்புஞ் சோறு எப்படிங்க செய்யறதுன்னு இவ கேக்கறா. சரி கேளு, மொதல்ல அரிசியக் களைஞ்சு வெச்சுக்கோணும்னு அவ ஆரம்பிக்கறா. அத்தோட நிறுத்திட்டேன். வீடியோ நீளமாப் போனா எவனும் பாக்க மாட்டான்.

பாவாத்தாள் கொரலு எங்க ஊட்டுல அது ஒண்ணுலதான் இருந்துச்சு. கல்யாண வீடியோவெல்லாம் எங்க காலத்துல ஏதுங்க.

போட்டேன் பாருங்க, ஓசூர்க்காரரு விடவே இல்ல. ஆரம்பிச்ச ஒடனே கேட்டாரு. எப்பவும் ஒரு கேள்வியும் கேக்காதவரு, கேசட்டும் சேத்துத்தானுங்களேன்னு எழுதிக் கேட்டாரு. சேத்துத்தானுங்கன்னேன். எனக்குப் புரிஞ்சுபோச்சு, மீனு முழுங்கிருச்சு. பாவாத்தாளை வெச்சு ஏத்துறேன், ஏத்துறேன், அந்தாளும் ஏறி வர்றாரு. அந்தப் பெட்டிக்கு அது வெலையே இல்லீங்க, புதுசே அந்த வெலை வராது. ஆனா கை நிக்குமா? கடைசி நிமிசத்துல இன்னொரு ஏத்து ஏத்துனேன். ஓசூர்க்காரரு வரல. காத்துப் பாக்கறேன், வரவே இல்ல. நேரம் முடிஞ்சுபோச்சு. பெட்டி பாவாத்தாள் பேருக்கு விழுந்துருச்சு. என்ற சாமானு, என்ற பொண்டாட்டி பேருக்கு.

தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா பொன்னுரங்கத்துக்கு எத்தனை தாரு விழுந்திருக்கும்? மறுபடி தூக்கி வெச்சுக் கூவ வேண்டியதுதான். இந்தத் தடவை இன்னும் நல்லாப் போடலாம், ரெக்கார்டு ஆகறதையும் காட்டலாம்னு தோணுச்சு. பாடறதை மட்டும் காட்டுனா பாதிப் பெட்டிதான?

இதையும் கேட்டு வெச்சுக்கங்க. ரெக்கார்டு பட்டனை அமுக்குனா அமுங்க மாட்டேங்குது. கெட்டுப்போச்சாக்கும்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா கேசட்டு முதுகுல சின்னதா ஒரு பல்லு இருக்குமுங்க, அதை ஒடைச்சு விட்டுட்டா அது மேல யாரும் பேசி அழிக்க முடியாது. அதை யாரோ ஒடைச்சு வெச்சிருக்கறாங்க. பாவாத்தாளாத்தான் இருக்கோணும், எல்லாத்தையும் பூட்டிப் பூட்டி வெக்கறவ. அந்த ஓட்டை மேல செல்லோ டேப்பை ஒட்டுனேன், பட்டன் அமுங்கிருச்சு. இந்த வித்தையெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும்?

அமுக்கிட்டு என்ன பேசறது? வாயில வந்தது அதுதான். தொண்டையைச் செருமிக்கிட்டு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னேன். பின்னால ஓட்டிப் போட்டா தெளிவாக் கேக்குது. அதை வீடியோ எடுத்துட்டு, இன்னொருக்காவும் நல்லா வரட்டும்னு மறுபடி அமுக்குனேன். அதுக்குள்ள பார்சல்காரன் வந்து கூப்பிட்டுட்டான். பெட்டியை நிறுத்த மறந்துட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா அந்தப் பக்கமே ஓடி முடிஞ்சு நிக்குது. போனாப் போகுது, வீடியோவுக்கு வேண்டியது கெடைச்சுருச்சேன்னு போட்டு விட்டேன்.

போட்டுக் கொஞ்ச நேரத்துல பாவாத்தாள் போனு அடிக்குதுங்க. உள்ளாளு போனுக்கு யாரு கூப்பிடுவா? பாத்தா, கேஸ் ஆபீசுன்னு வருது. செத்தவளுக்கு எதுக்கு சிலிண்டருன்னு எடுத்தேன்.

"அப்பா"ன்னா.

யாருன்னு கேட்டேன். தெரியாமக் கேக்கல, தெரிஞ்சுதான் கேட்டேன்.

"சுகந்தி பேசறேன்ப்பா. ஓசூர்லருந்து."

போனை இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்கு மாத்துனேன். அவளே பேசறா. "அந்தக் கேசட்டு மேல பேசிட்டீங்களாப்பா? அடியில இருந்தது போயிருச்சா? கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்குதா?"

"ஏலத்துப் பொருளு, ஓட்டித்தான் காட்டோணும்"னேன்.

"அம்மா பேருல வந்து எங்கிட்டயே போட்டி போட்டீங்களேப்பா. மொதல் தடவை அந்தப் பேரைப் பாத்ததும் எனக்கு மூச்சே நின்னுபோச்சு. நீங்கதான்னு தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் ஏத்திக் கேட்டேன். கடைசியில எங்கிட்ட இல்லப்பா."

எனக்குக் கோவம் வந்துருச்சு. வராதா பின்ன? "வேணும்னா வாயைத் தொறந்து கேக்கறதுதான? ஊட்டுக்கு வந்து, அப்பா குடுங்கன்னு கேட்டா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ஏலத்துல வந்து எவனோ மாதிரி கேக்கறே?"

"வந்து கேட்டேனேப்பா"ன்னா. "அம்மா மொகத்தை ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றேன்னு கேட்டுக்கிட்டு வந்து நின்னேனே."

அது வேற, இது வேறன்னேன். ஆமாங்களா இல்லீங்களா, நீங்களே சொல்லுங்கம்மிணி? அது சாவு, நாலு பேரு பாக்கற எடம். இது ஒரு பெட்டி.

சரிப்பான்னா. வெச்சுட்டா.

அவ மேல இருக்கற கோவத்தை விட அவங்கம்மா மேல இருக்கற கோவந்தான் எனக்கு அடங்க மாட்டேங்குது. கேஸ் ஆபீசாம்! எப்பப் பாத்தாலும் சிலிண்டரு தீந்துபோச்சுன்னு போனை எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயிருவா. ஒரு சிலிண்டருக்கு இத்தனை பேச்சாடின்னு நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பா. இத்தனை வருசமும் மககூடப் பேசிட்டு வந்து எனக்குச் சோறு போட்டிருக்கறா. எங்கிட்டச் சொன்னா நான் என்ன, கொன்னா போட்டிருப்பேன்?

அப்படிப் பாக்காதீங்க.

எங்க எந்திரிச்சுட்டீங்க? கேமராவை ஏன் பைக்குள்ள வெக்கறீங்க? பையனைக் கேட்டுட்டு வர்றீங்களா? அதைத்தான மொதல் பாடமாச் சொன்னேன், கேக்காதீங்கன்னு. செரி, உங்க இஷ்டம். ஆனா உள்ள இருக்கற பிலிமை ஒருக்காக் கழுவிப் பாத்துருங்க. சும்மா சொல்றேன். அவரு கடைசியா எதை எடுத்திருக்கறாரோ என்னவோ.

ஒரு நிமிசம் நில்லுங்க, ஆறு ஆகப்போகுது. இந்தப் பெட்டி ஏலந்தான் முடியுது. ஆமாங்க, இன்னும் போகல. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போட்டுட்டேதான் இருக்கறேன். ஆரம்ப வெலை ஒரே ரூபா. ஓசூர்க்காரரு பாத்தாருன்னா லேசா எடுத்துக்கலாமில்ல? கூப்பிட்டுக் குடுக்கலாம்தான். நம்பரு இந்தப் போன்லயே இருக்குது, கேஸ் ஆபீசுன்னு. கூப்பிட்டு நான் என்ன பேசறது? ஏலத்துல போட்டாச் சொல்லாமயே தெரிஞ்சுக்குவாங்க. ஓசூர்க்காரரு வரத்தான் மாட்டேங்கறாரு. ஓடி முடிஞ்ச கேசட்டு யாருக்கு வேணும்னு நெனைக்கறாங்களோ என்னமோ. மொதல்ல கொஞ்சம் இருக்குதுங்க, நான் அழிக்கல. அரிசியக் களைஞ்சு வெச்சுக்கோணும்ங்கற வரைக்கும் இருக்குது. அதுக்கப்பறம் நானு, அதுக்கப்பறம் என்ற இருமலும் காக்கா சத்தமும்.

பாருங்க, பாருங்க, திண்டுக்கல்லுல எவனோ ஒருத்தன் கேக்கறான். போன வாரமும் இப்படித்தான் சேலத்துக்காரன் ஒருத்தன் வந்தான். இவனுகளுக்கு எதுக்குங்க இந்தப் பெட்டி? அந்தச் செம்பருத்திப்பூ போனை இப்படித் தள்ளுங்க. சீக்கிரம். ஏத்தியாச்சு. அவனும் ஏத்தறான், நெஞ்சழுத்தக்காரன். இந்தா, இன்னும் எச்சா.

ஓசூர்க்காரரு வரலையா? பாருங்க, என்ற கண்ணு மங்குது, எஸ்.எம்.னு எங்கயாச்சும் இருக்குதா?

இல்லீங்களா. செரி. முடிஞ்சுபோச்சு. இந்த வாரமும் பாவாத்தாளுக்கே விழுந்துருச்சு.